கோடையில் குளத்து மீன்கள் சாவது ஏன்?

குளத்தில் மீன் செத்து மிதந்தால் ஊரில் முதலில் எழும் பேச்சு, "யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள்" என்பதுதான். குத்தகைக்காரர் ஒரு பக்கம் சந்தேகப்படுவார். ஆயக்கட்டு விவசாயிகள் மறு பக்கம் கோபப்படுவார்கள். விஷம் கலப்பது நடக்காத காரியமல்ல. ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் வற்றிய குளங்களில் நேரும் மீன் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் விஷமல்ல, மூச்சுத் திணறல்தான். தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துபோய் மீன்கள் மடிகின்றன. இது ஒரே இரவில் நேர்வதுபோலத் தோன்றினாலும், குளம் சில நாட்களுக்கு முன்பே அடையாளம் காட்டிவிடுகிறது. அந்த அடையாளத்தை அறிந்தவர் மீனை உயிரோடு பிடித்து விற்கலாம். அறியாதவர் ஆறு மாத உழைப்பைக் கரையில் குழி தோண்டிப் புதைக்க நேரும்.

சாத்தான்குளம் வட்டாரத்தின் நிலை

பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், தேரி மணலை ஒட்டி அமைந்தது சாத்தான்குளம். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி அதில் சேர்ந்தது. தாமிரபரணியின் வாய்க்கால் பாசனம் பெறும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வயல்களைப் போன்றதல்ல இந்த மண். கருமேனியாற்றில் மழைக்காலத்தில்தான் நீர் ஓடும். புத்தன்தருவை, வைரவன்தருவை போன்ற நீர்நிலைகள் தேரியை ஒட்டிய பள்ளங்களில் நீர் தேங்கி நிற்பவை. இத்தகைய அகன்ற, ஆழமில்லாத நீர்நிலையையே இவ்வட்டார மக்கள் 'தருவை' என்கிறார்கள். மழை நீரும், சடையநேரி கால்வாய் வழியே வரும் தாமிரபரணியின் உபரி நீரும் இவற்றுக்கு ஆதாரம்.

2009-இல் தொடங்கிய தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம் 2025-இல் திறக்கப்பட்டது. கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை வெள்ள நீரைக் கொண்டுவரும் கால்வாய் இது. இதனால் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பகுதிக் குளங்களுக்கு முன்னைவிட நீர் வர வாய்ப்பு உண்டு. நீர் வந்தால் மீன் குத்தகையும் வரும். ஆனால் வெள்ளக் கால்வாய் வெள்ளக் காலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் நிறையும் குளம் மாசியில் இறங்கி, சித்திரையில் குட்டையாகிவிடும் என்ற அடிப்படை மாறவில்லை. ஆகவே இங்கு மீன் வளர்ப்பவர் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளத்துக்கான முறையை அப்படியே பின்பற்றக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

நீர் குறையும்போது என்ன நேர்கிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். பத்து ஹெக்டேர் குளம் ஒன்றில் கார்த்திகையில் சராசரி ஒன்றரை மீட்டர் நீர் நிற்பதாகக் கொள்வோம். மொத்த நீர் 1,50,000 கன மீட்டர். ஒரு லிட்டர் நீரில் 6 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருந்தால், குளம் முழுவதிலும் 900 கிலோ பிராணவாயு இருக்கும். அப்போது விட்ட 20,000 குஞ்சுகள், ஒன்று 10 கிராம் வீதம், மொத்தம் 200 கிலோ எடைதான்.

சித்திரையில் அதே குளம் மூன்று ஹெக்டேராகச் சுருங்கி, அரை மீட்டர் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. நீர் 15,000 கன மீட்டர். பிராணவாயு 90 கிலோ. மீன்களோ, பாதி அழிந்துபோக மீதி 10,000 மீன்கள் 400 கிராம் வீதம் வளர்ந்து 4,000 கிலோவாகியிருக்கும். பிராணவாயு பத்தில் ஒரு பங்காகக் குறைய, மீன் எடை இருபது மடங்கு கூடிவிட்டது. ஒரு கிலோ மீனுக்குக் கிடைக்கும் பிராணவாயு இருநூறில் ஒரு பங்கு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ கெண்டை மீன் மணிக்கு ஏறத்தாழ கால் கிராம் பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. 4,000 கிலோ மீனுக்கு இரவு 12 மணி நேரத்தில் தேவைப்படுவது 12 கிலோ மட்டுமே. பிறகு 90 கிலோ எங்கே போகிறது? நீரிலுள்ள பாசியும், அடிச்சேற்றில் அழுகும் இலைதழை, சாணம் முதலியவையுமே மிகுதியான பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. எனவே மீனைக் காப்பாற்ற விரும்புபவர் மீனைவிடப் பாசியையும் சேற்றையுமே கவனிக்க வேண்டும்.

பகல் வரவு, இரவுச் செலவு

பச்சை நிறப் பாசி பகலில் சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குக் குளத்தில் பிராணவாயு உச்சத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் வரவு நின்றுவிடும். அதே பாசி இரவில் மீனைப் போலவே சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவிடும். விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் இருப்பு மிகக் குறைந்துவிடும். ஆகவே மத்தியான வேளையில் குளத்தைப் பார்த்து "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது. விடியுமுன் பார்க்க வேண்டும்.

வெயிலும் இதற்குத் துணைபோகிறது. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நல்ல நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகவும், 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் கீழாகவும் குறைகிறது. வெப்பம் கூடும்போது மீனின் தேவையும் கூடும். கெண்டை இனங்கள் நன்கு வளர லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 3-க்குக் கீழே வந்தால் அவை இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 1-க்குக் கீழே சில மணி நேரம் நீடித்தால் சாவு நிச்சயம்.

மிகவும் அபாயமான நாட்கள் மூன்று வகை. முதலாவது, காற்றே இல்லாத புழுக்கமான இரவுகள். ஆனி, ஆடிக் காற்று நீரை அலைத்துப் பிராணவாயுவைச் சேர்க்கும். ஆனால் அதற்குள் பல குளங்கள் வற்றிவிடுகின்றன. இரண்டாவது, தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்கள். வெயில் இல்லாததால் பகல் வரவு குறைந்து, இரவுச் செலவு மட்டும் அப்படியே நடக்கும். மூன்றாவது, கோடை மழைக்கு மறுநாள். குளிர்ந்த மழைநீர் கனமானதால் அடியில் இறங்கி, அடியில் தேங்கியிருந்த பிராணவாயு அற்ற நீரை மேலே கிளப்பிவிடும். சேற்றிலுள்ள அழுகிய முட்டை நாற்றமுடைய வாயுவும் அதோடு கலந்துவிடும்.

பெரிய நகரங்களின் ஏரிகளுக்கும் இதே விதிதான். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து பிராணவாயு குறைந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நம் குளத்தில் சாக்கடைக்குப் பதிலாகச் சாணமும் தழையும் அதே வேலையைச் செய்யும்.

விஷமா, மூச்சுத் திணறலா?

இதை அறிந்தால் வீண் சண்டைகளைத் தவிர்க்கலாம்.

மூச்சுத் திணறலில் மீன்கள் விடியற்காலையில் சாகும். சாகுமுன் நீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மடை வாயிலும் புதுநீர் சேரும் இடத்திலும் கூட்டமாக ஒதுங்கும். பெரிய மீன்களே முதலில் சாகும். கட்லா, வெள்ளிக்கெண்டை முதலியன முன்னதாக மடியும். ஜிலேபி மீன் பின்னரும் தாக்குப்பிடிக்கும். விரால், உளுவை, கெளுத்தி வகைகளில் சில வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆதலால் விரால் மட்டும் மேலே வந்து காற்றை விழுங்கிப் போவது அதன் இயல்பு, பயப்பட வேண்டாம். கட்லா வாய் பிளந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

விஷத்தில் நேரம் காலம் கிடையாது, பட்டப்பகலிலும் சாகும். சிறு மீன்களும் குஞ்சுகளும் முதலில் மடியும். மீன்கள் நிலைதடுமாறிச் சுழலும், துள்ளும். தவளை, நீர்ப்பூச்சி, நத்தை ஆகியவையும் சேர்ந்து சாகும், விராலும் தப்பாது. வெடிவைத்தோ, விஷமிட்டோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம்.

பூச்சி மருந்தும் ஓரளவு பொறுப்பேற்க வேண்டும். எண்டோசல்பான் மீன்களுக்குக் கடும் நஞ்சு. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. இன்று புழக்கத்திலுள்ள செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளும் மனிதருக்குச் செய்வதைவிட மீனுக்கு மிகுந்த தீங்கு செய்பவை. வாழை, மிளகாய், நெல்லுக்கு மருந்தடித்த தெளிப்பானைக் குளத்திலோ, குளத்துக்குள் விழும் ஓடையிலோ கழுவக் கூடாது.

நீரைப் பார்த்து அறியும் முறை

கருவி இல்லாமலேயே சில சோதனைகள் செய்யலாம். வெயில் நேரத்தில் நீருக்குள் கையை நேராக விட்டு, முழங்கை நனையும் வரை இறக்கிப் பார்க்க வேண்டும். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தால் இரைப்பாசி போதுமான அளவு இருக்கிறது. முழங்கை மூழ்கிய பின்னும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் இரை குறைவு. மணிக்கட்டு நனைந்த உடனேயே விரல்கள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. எரு இடுவதை உடனே நிறுத்த வேண்டும். செம்மண் கலங்கிய நீருக்கு இச்சோதனை பொருந்தாது. அது மண்ணின் கலங்கல், பாசியல்ல.

இதையே அளவோடு செய்ய, 20 செ.மீ. குறுக்களவுள்ள தகட்டை நான்காகப் பிரித்து மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்கலாம். 1865-இல் இத்தாலிய வானியல் அறிஞர் செக்கி கடல்நீரின் தெளிவை அளக்கக் கையாண்ட முறையிலிருந்து வந்தது இது. தகடு 25 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைவது நல்லது. 15 செ.மீ.க்குள்ளேயே மறைந்தால் அபாயம்.

நிறமும் சொல்லும். இளம் பச்சையும், பழுப்புப் பச்சையும் நல்லவை. கரும்பச்சையாகி, மேலே பெயிண்ட் ஊற்றியதுபோல் ஏடு படிந்தால் நீலப்பச்சைப் பாசி மிகுந்துள்ளது. அந்தப் பச்சை நீர் ஓரிரு நாளில் திடீரெனப் பழுப்பாக மாறினால் பாசி ஒருங்கே செத்துவிட்டது என்று பொருள். அன்றிரவே மீன் சாகக்கூடும். மயில்துத்தம் போட்டுப் பாசி முழுவதையும் ஒரே நாளில் கொல்ல முற்படுவதும் இதே விபரீதத்தில் முடியும்.

கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா

மீனின் கழிவிலிருந்தும் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இதன் நச்சுத்தன்மை நீரின் கார அமில நிலையைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் கார அமில நிலை 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். அது 8 ஆனால் ஏழு, எட்டு சதவீதம்; 9 ஆனால் ஏறத்தாழ 45 சதவீதம். பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் கார அமில நிலை 9-ஐத் தாண்டுவது சாதாரணம். மீன் திணறுகிறது என்று கண்டதும் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கார நிலையை மேலும் உயர்த்தி, அம்மோனியாவை நஞ்சாக்கிவிடும். சுண்ணாம்பு இடுவதற்கு உரிய காலம் குளம் நிறையும் பருவம். நீரைச் சோதித்து, புளிப்பாக இருந்தால் மட்டும், ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ வரை இடலாம். கார அமில நிலை 7 முதல் 8.5 வரை இருப்பது கெண்டைகளுக்கு ஏற்றது.

நீர் ஆவியாக ஆவியாக உப்பும் இறுகும். லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு ஏறினால் பெருங்கெண்டைகளின் வளர்ச்சி குன்றும். கடலோர ஊர்களில் உவர்க் கிணற்று நீரை இறைத்துக் குளத்தைக் காப்பாற்ற நினைப்போர் முதலில் அந்த நீரைச் சோதிப்பது நல்லது.

குறுகிய காலக் குளத்துக்கு ஏற்ற முறை

இந்தியாவில் பெருங்கெண்டைகளை ஊசி மூலம் தூண்டி முட்டையிட வைக்கும் முறை 1957-இல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி ஆகியோரின் முயற்சியால் வெற்றி பெற்றது. அதன் பயனாக இன்று வேண்டிய இனத்தில் குஞ்சுகள் கிடைக்கின்றன. குஞ்சு உற்பத்தி ஆடி முதல் புரட்டாசி வரை மிகுதி. அப்போதே வாங்கிச் சிறு நாற்றங்கால் குட்டையில் வளர்த்து, கார்த்திகையில் குளம் நிறைந்ததும் 10 செ.மீ.க்குக் குறையாத குஞ்சுகளாக விட வேண்டும். கார்த்திகையில் சிறு குஞ்சை வாங்கி விட்டால் அது விலைபோகும் அளவுக்கு வளருமுன் நீர் வற்றிவிடும்.

ஆண்டு முழுதும் நீருள்ள, பராமரிப்புள்ள குளத்துக்கு ஹெக்டேருக்கு 5,000 குஞ்சுகள் விடுவது வழக்கம். ஐந்து, ஆறு மாதமே நீர் நிற்கும் குளத்துக்கு 2,000 போதும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்ட ரோகு, அடிமட்ட மிருகால் ஆகியவற்றைக் கலந்து விடலாம். விரைந்து வளரும் கட்லாவுக்குச் சற்றுக் கூடுதல் இடம் தரலாம். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் கணக்கின்றிப் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. யார் கொடுத்தாலும் விடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் போல ஒன்று வந்தால், ஒரு குளத்து மீன் பல குளங்களுக்குப் பரவிவிடும்.

எரு இடுவதைத் தை மாதக் கடைசியோடு நிறுத்திவிட வேண்டும். சீமைக்கருவேல், நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றை நீர் வருமுன் வெட்டி அகற்ற வேண்டும். வெட்டியதைக் குளத்துக்குள்ளேயே போடக் கூடாது. வற்றிய குளத்தின் வண்டலை முறையான அனுமதி பெற்று வயலுக்கு அடித்தால், வயலுக்கு உரமும் குளத்துக்கு ஆழமும் கிடைக்கும். நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கலந்த வண்டலை மக்கள் வயல் உரமாகக் கொள்வது பலரும் அறிந்ததே. குளத்தடியில் கிடந்தால் பிராணவாயுவைத் தின்னும் பொருள், வயலில் விளைச்சலாகிறது.

அறுவடையை ஒரே தவணையாக வைக்கக் கூடாது. மாசியில் பெரிய மீன்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் எஞ்சியவை நன்கு வளரும். பங்குனிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். "சித்திரையில் விலை ஏறும்" என்று காத்திருப்பவர் இரண்டு ரூபாய் லாபத்துக்காக முதலையே பணயம் வைக்கிறார். மடையைத் திறப்பது ஆயக்கட்டுதாரரின் உரிமை. பயிர் முடியும்வரை தண்ணீரை மறிக்க மீன் குத்தகைக்காரரால் இயலாது. ஆகவே குத்தகை எடுக்கும்போதே எந்த மாதம்வரை எவ்வளவு நீர் நிற்கும் என்று விவசாயிகளிடம் பேசி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மீன் திணறும்போது செய்ய வேண்டியவை

- இரை, எரு இரண்டையும் அன்றே நிறுத்தவும்.
- ஆயில் எஞ்சினைக் கரையில் வைத்து, குளத்து மேல்நீரையே உறிஞ்சி, பலகையில் மோதிச் சிதறி விழும்படி திருப்பிப் பாய்ச்சவும். இரவு இரண்டு மணியிலிருந்து பொழுது விடியும் வரை இதைச் செய்ய வேண்டும். குளம் முழுதும் சரியாகாவிட்டாலும், மீன்கள் அவ்விடம் வந்து ஒதுங்கிப் பிழைக்கும்.
- உறிஞ்சு குழாய் சேற்றைத் தொடக் கூடாது. சேறு கலங்கினால் நிலைமை மோசமாகும்.
- நல்ல கிணற்று நீர் கிடைத்தால் அதையும் உயரத்திலிருந்து சிதறவிட்டே சேர்க்கவும். கிணற்று நீரில் பிராணவாயு குறைவு.
- விடியற்காலையில் இழுவலை போடாமல், வெயில் ஏறி மீன் தெளிந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் பிடிக்கவும்.
- செத்த மீனை அன்றே அகற்றி, கரைக்கு வெளியே சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும். அதை விற்கவோ உண்ணவோ கூடாது.

சோதனைக்கு நீர் எடுப்பது

விஷம் என்ற சந்தேகம் இருந்தால், செத்த மீன்கள் அழுகுமுன், இப்போதுதான் மடிந்தவற்றில் சிலவற்றை ஐஸில் வைத்தும், சுத்தமான புட்டியில் நீர் எடுத்தும் உடனே மீன்வளத் துறையினரிடம் சேர்க்க வேண்டும். 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இவ்வட்டாரத்துக்கு அருகில் இருப்பது ஒரு வசதி. பிராணவாயுவைச் சோதிக்க மட்டும் நீரைத் தூரத்துக்கு எடுத்துச் செல்வதில் பயனில்லை. போகும் வழியிலேயே அளவு மாறிவிடும். புட்டியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, குளக்கரையிலேயே உரிய மருந்துகளைச் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். ஹங்கேரியைச் சேர்ந்த விங்க்ளர் 1888-இல் வகுத்த இம்முறையைக் கொண்ட சிறு சோதனைப் பெட்டிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. நாலைந்து குத்தகைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டால் செலவு பெரிதல்ல.

சோதனைப் பெட்டி இல்லாதவரும் மாசி பிறந்தது முதல் வாரத்துக்கு இரண்டு நாளாவது, கோழி கூவும் நேரத்தில் ஒரு டார்ச் விளக்கோடு மடைப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கட்லாக்கள் நீர் மட்டத்தில் வாய் பிளந்து நின்றால், வலைக்காரருக்கும் வியாபாரிக்கும் அன்றே சொல்லி அனுப்பிவிடுவது நல்லது.